ஏரியில் சோதித்த கடல் படகு

நான் சொல்லப்போவதில் சில விவரங்கள் தப்பாக இருக்கலாம். படகு நீல நிறம் என்று எனக்கு ஞாபகம். பச்சை என்கிறாள் என் மனைவி கனிமொழி. ஜனவரிக் கடைசியா, பிப்ரவரி தொடக்கமா என்பதிலும் எங்களுக்குள் தகராறு உண்டு. அன்றைக்குப் பனிமூட்டம் என்று நான் சொன்னால், வெயில் பளிச்சென்று அடித்தது, அதனால்தானே எல்லோரும் போட்டோவுக்கு அலைந்தார்கள் என்று அவள் கேட்பாள். அவள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப நினைத்து அதன் ஓரங்களைத் தேய்த்துவிடுகிற ஆள் நான். ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யார் வாயைத் திறக்கவில்லை என்பதிலும்.

மாசிலாமணி கனிமொழியின் அண்ணன். வேதாரண்யத்துக்கு வடக்கே கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் ஃபைபர் படகு கட்டும் பட்டறை வைத்திருந்தார். அம்மா பெயரில் பாப்பம்மாள் படகுப் பட்டறை. முப்பது பேருக்கு அங்கே வேலை. அதில் பாதிப் பேர் பெண்கள். கண்ணாடி நார்ப் பாயை அச்சுக்குள் விரித்து, பசையை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழ் இல்லாமல் தேய்த்து எடுப்பது அவர்கள் வேலை. அந்தப் பகுதியில் சுனாமிக்குப் பிறகு மரத்தை விட்டு ஃபைபருக்கு மாறியவர்களில் பலர் அவருடைய படகில்தான் கடலுக்குப் போனார்கள்.

அந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து படகைத் தள்ளி நேராக அலைக்குள் இறக்குவார்கள். திரும்பும்போது அலையின் மேலேயே ஏறி வந்து மணலில் உட்கார வேண்டும். அதற்காக அடிப்பக்கத்தை உருண்டையாகக் கட்டுவார்கள். வலை, ஐஸ், மீன், பின்னால் எஞ்சின் எல்லாம் ஏறியபின்தான் அது நிதானத்துக்கு வரும். வெறும் படகு ஆடும். அது எல்லோருக்கும் தெரியும், அங்கே. அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகை ஒப்படைக்கிற அன்று வலைக்கும் மீனுக்கும் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கி, வாங்குகிறவரையும் உட்காரவைத்து, மாசிலாமணியே அலை தாண்டிப் போய்த் திரும்பி வருவார். அவர் ஏறாத படகை அந்தக் கரையில் யாரும் வாங்கியதில்லை.

பிறகு மத்திய அரசின் மானியத் திட்டம் ஒன்று வந்தது. மானியம் வேண்டுமென்றால் மீன்வளத் துறையின் தொழில்நுட்பக் கமிட்டி அங்கீகரித்த பட்டறையில்தான் படகு வாங்க வேண்டும். மானியத்தை விட்டுவிட்டுப் படகு வாங்கும் வசதி அந்தக் கரையில் யாருக்கும் இல்லை. கமிட்டி தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வந்து படகுகளைப் பார்ப்பது அடுத்த வருஷம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அங்கீகாரப் பட்டியலோ இந்த வருஷம் மார்ச்சோடு மூடப்படுகிறது. பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன. பட்டியலில் இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். இதைக் கேட்டுவிட்டுத்தான் மாசிலாமணி ரயில் ஏறி டெல்லிக்கு வந்தார்.

"என்னா மாப்ளே இது, ஒங்க ஊரு குளுரு எலும்புக்குள்ள பூந்து கணக்குப் பாக்குது" என்றபடி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். தலையைச் சுற்றி மப்ளர், அதற்குமேல் ஒரு குரங்குக் குல்லா.

"மாமா, யூ லுக் லைக் அ பேங்க் ராபர்" என்றாள் என் மகள் ஸ்நேகா.

"என்னாடி சொல்றா இவ?"

"வங்கிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கியாம்ண்ணே" என்றாள் கனிமொழி.

"இருந்திருந்தா இங்க ஏன் வரேன். அங்கேயே ஒரு பேங்கைப் பாத்துருக்க மாட்டேன்?"

அவர் சிரித்தால் எதிரே இருப்பவர்களும் சிரித்தாக வேண்டும், அப்படியொரு சிரிப்பு. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் கல்யாணத்தன்று அவர் என் அருகில் வந்து உட்கார்ந்து, வெகு நேரம் பார்த்துவிட்டு, "மாப்ளே, நீங்க பேசாட்டியும் பரவால்ல, எனக்கு ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசத் தெரியும்" என்றார். அந்த ஏற்பாடு இத்தனை வருஷமும் நன்றாகவே நடந்துவந்தது.

டெல்லியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த அரசாங்க பவனில் என்ன காரியமானாலும் உள்ளே நம்ம ஆள் ஒருத்தர் இருப்பார், அவரைப் பிடித்துவிட்டால் போதும் என்பது அது. ஊரிலிருந்து வருகிறவர்கள் எங்களைப் பார்ப்பதும் அதே நம்பிக்கையோடுதான். கனிமொழி இரண்டே போனில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். புசா ரோடு பள்ளிக்கூடத்துக்கு ஸ்நேகாவோடு ஒரே வேனில் போய்வந்த ஒரு பெண்ணின் அம்மாவாகக் கனிமொழிக்குப் பழக்கமானவர் லதா. அவருடைய கணவர் பாலசுப்ரமணியம் அதே துறையில் துணைச் செயலாளர். கமிட்டிக்கு அவர்தான் உறுப்பினர்-செயலாளரும்கூட. கோயம்புத்தூர்க்காரர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பாலசுப்ரமணியம் இனிமையான மனிதர். மாசிலாமணியைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நம்மூர்க்காரங்களுக்குச் செய்யாம வேற யாருக்குங்க செய்யப்போறோம்? கமிட்டி கடலுக்கு வரலைன்னா என்ன, படகைக் கமிட்டிகிட்டக் கொண்டாந்துடுவோம். விதியில இடமிருக்குதுங்க. மாதிரிப் படகைத் தலைமையகத்திலேயே காட்டலாம். இங்க ஒரு ஏரியில ஏற்பாடு பண்ணிக் கொடுத்துடறேன்."

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "ஏரியில என்னா சார் தெரியும்? அலையில்லாத தண்ணியில தாமரை இலைகூட மெதக்கும்."

"அட, மெதந்தாப் போதுங்க!" பாலசுப்ரமணியம் தொடையில் தட்டிச் சிரித்தார். "வந்து பாப்பாங்க, ஒரு சுத்து சுத்துவாங்க, டீ சாப்பிடுவாங்க, கையெழுத்துப் போடுவாங்க. அவ்வளவுதான். நான் இருக்கறேனல்ல."

கனிமொழியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் நல்லவர்தான். அன்றைக்கு அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன். அதனால் என் கோபம் குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்கிறது.

படகு லாரியில் வந்தது. ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று நாட்டின் நடுவே ஒரு கடல் படகு போவதைப் பார்த்து வழியெல்லாம் ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்களாம். நாக்பூர் பக்கம் ஒரு சாலையோர டாபாக்காரர் படகுக்கு மாலை போட்டுவிட்டார். வாடிய சாமந்தி மாலையோடுதான் அது ஏரிக்கரையில் வந்து நின்றது. மாசிலாமணி அதைக் கழற்றவிடவில்லை. "யாரோ ஆசைப்பட்டுப் போட்டுருக்கான், கெடக்கட்டும்" என்றார்.

நானும் கனிமொழியும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தோம். ஸ்நேகாவும் கூட வந்தாள்.

முதல் பிரச்சினை எஞ்சின். அந்த ஏரியில் எஞ்சின் ஓட்டக்கூடாதாம். டீசல் பட்டால் மீன் செத்துப்போகும், பறவைகள் வராது என்றார் ஏரியின் காவலர். நியாயம்தான். எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்தார்கள். தண்ணீரில் இறக்கியதும் படகின் பின்பக்கம் எழும்பிக்கொண்டது.

மாசிலாமணி பதற்றப்படவில்லை. காலையிலேயே ஆள் பிடித்து, பக்கத்துக் கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து மணல் மூட்டைகள் வரவழைத்திருந்தார். லாரிக்காரர்களும் அவருமாக அவற்றைப் படகின் அடியில் பார்த்துப் பார்த்து அடுக்கினார்கள். எஞ்சின் போன கனத்துக்கும் சேர்த்து இரண்டு மூட்டை பின்னால். படகு தண்ணீரில் உட்கார்ந்தது. அவர் விளிம்பில் ஏறி நின்று குதித்துக் காட்டினார். அசையவில்லை.

"இப்ப பாருங்க மாப்ளே. இனி யானையக் கூட்டிக்கிட்டு வரலாம்."

கமிட்டி பதினோரு மணி வாக்கில் வந்தது. தலைவர் ஓய்வுபெறப் போகிற பெரிய அதிகாரி. அவர் பின்னால் உறுப்பினர்கள், அவர்கள் பின்னால் உதவியாளர்கள், கேமராவோடு ஒருத்தர், தட்டில் பிஸ்கட்டோடு ஒருத்தர். எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்த பாலசுப்ரமணியம் எங்களைப் பார்த்துக் கண்ணாலேயே தைரியம் சொன்னார்.

கமிட்டித் தலைவர் படகைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மாசிலாமணியின் வேட்டியைப் பார்த்தார். பிறகு பாலசுப்ரமணியத்தின் தோளில் தட்டினார்.

"பாலா ஜி, யே ஆப் கே காவ் கா மால் ஹை க்யா?"

உங்க ஊர்ச் சரக்கா என்று கேட்டார். அவ்வளவுதான். வேடிக்கையாகத்தான் கேட்டார், அவர் முகத்தில் விஷமம் எதுவும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். பாலசுப்ரமணியமும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு முடியும்போது அவர் வேறு ஆளாகியிருந்தார். நான் சும்மா நின்று மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அதை நேருக்கு நேர் பார்த்தேன்.

"நஹி நஹி சர், மேரே காவ் மே தோ சமுந்தர் ஹி நஹி ஹை" என்றார். என் ஊரில் கடலே கிடையாது.

மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு அங்கிருந்து கிளம்பும்வரை அவர் எங்களோடு ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை.

கேமராக்காரர் படகுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். பாலசுப்ரமணியம் மாசிலாமணியிடம் திரும்பி, "யே போரியா ஹடாயியே" என்றார். மாசிலாமணி விழித்தார். அவருக்கு ஹிந்தி தெரியாது. அது பாலசுப்ரமணியத்துக்கும் தெரியும். என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். ஒரு தமிழர் சொன்னதை இன்னொரு தமிழருக்கு.

"மூட்டையை எடுக்கச் சொல்றார்."

"எடுத்தா படகு ஆடும் மாப்ளே. சொல்லுங்க. அது மூட்டையில்ல, வலை, மீனு, ஐசுன்னு சொல்லுங்க."

நான் ஹிந்தியில் சொன்னேன். பாலசுப்ரமணியம் இங்கிலீஷில் பதில் சொன்னார்: மாதிரி என்றால் மாதிரிதான், அதில் வெளிப்பொருள் எதுவும் இருக்கக்கூடாது; தவிர, போட்டோவில் பார்க்கக் கட்டட வேலை நடக்கிற இடம் மாதிரி இருக்கிறது.

"சார்! வேணாம் சார்!" மாசிலாமணி நேராக அவரையே பார்த்துத் தமிழில் கும்பிட்டார். "காலி படகுல ஆளேத்தக்கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா கேப்பாங்க."

பாலசுப்ரமணியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜல்தி, ஜல்தி."

மூட்டைகள் கரைக்குப் போயின. எஞ்சின் பக்கத்தில் அவற்றையும் அடுக்கினார்கள். தண்ணீரில் இப்போது இருந்தது உடைத்த தேங்காயின் ஒரு மூடி மாதிரி ஒரு வெற்று ஓடு. கமிட்டியார் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாசிலாமணி மார்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார். டெல்லிக் குளிரில், அந்தத் தண்ணீரில். உள்ளே ஏறியவர்கள் நடுவில் உட்காரவேண்டும் என்று அவர் சொன்னதை நான் கத்திக்கொண்டே இருந்தேன். "பீச் மே பைட்டியே, ப்ளீஸ், பீச் மே!" இவ்வளவு சத்தமாக நான் பேசி கனிமொழி அதுவரை கேட்டதில்லை.

யாரும் உட்காரவில்லை. கேமராக்காரர் கரையில் நின்றிருந்தார். அதனால் எல்லோரும் கரைப்பக்கமாகத் திரும்பி, கரைப்பக்க விளிம்புக்கு வந்து, தோளோடு தோள் நின்றார்கள். பின்வரிசைக்காரர்கள் முகம் தெரியவேண்டுமென்று எட்டினார்கள்.

"ஒரே பக்கம் வராதீங்க! ஒரே பக்கம் வராதீங்க!" மாசிலாமணி தண்ணீரிலிருந்து அலறினார். படகில் நின்ற கூட்டத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் கமிட்டித் தலைவருக்குப் பக்கத்தில் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

படகு சாய்ந்தது. விளிம்பு தண்ணீரைத் தொட்டு, ஒரு மடக்கு குடித்தது. கமிட்டித் தலைவரின் ஷூவும் முழங்கால்வரை பேன்ட்டும் நனைந்தன. பிஸ்கட் தட்டு ஏரிக்குள் போயிற்று. எல்லோரும் கத்திக்கொண்டு மறுபக்கம் ஓட, படகு அந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு தானாகவே நிமிர்ந்து நின்றது. ஒருவரும் விழவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒருவரும் விழவில்லை. கனமே இல்லாமல் நின்ற படகின் ஒரே விளிம்பில் அத்தனை பெரிய மனிதர்கள் ஏறி நின்றும் அது கவிழவில்லை.

"பாத்தீங்கள்ல?" குளிரில் பல் கிட்டிக்க, மாசிலாமணி சந்தோஷமாகக் கேட்டார். "வேற எவன் படகாவது இருந்தா இந்நேரம் அம்புட்டுப் பேரும் உள்ள. சொல்லுங்க மாப்ளே, அதைச் சொல்லுங்க!"

சொன்னேன். கேட்க யாரும் இல்லை. கமிட்டித் தலைவர் தன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாலசுப்ரமணியம் அவருக்குக் கைக்குட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். மூட்டையோடு இன்னொரு தடவை பாருங்கள், எஞ்சின்கூட வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும் என்று கனிமொழி ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள். மதியம் வேறு மீட்டிங் இருக்கிறது என்றார்கள்.

முடிவு அடுத்த வாரமே வந்தது. ஒரே வாக்கியம். நிலைத்தன்மை திருப்தியாக இல்லாததால் மாதிரி ஏற்கப்படவில்லை. அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கலாம். அடுத்த சுற்று எப்போது என்று அதில் இல்லை.

மாசிலாமணி அதை இரண்டு தடவை என்னைப் படிக்கச் சொன்னார். பிறகு பால்கனிக்குப் போய் வெகுநேரம் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மௌனம் எனக்குப் பழக்கம். அவருடைய மௌனத்தை நான் அன்றுதான் முதல்தடவை கேட்டேன். அது எனக்குப் பயமாக இருந்தது.

துறையின் இணையப் பக்கத்தில் அந்தப் போட்டோவையே போட்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது ஸ்நேகா. 'உள்நாட்டுப் படகுகளைப் பார்வையிடும் குழு' என்று அதன் கீழே எழுதியிருந்தது. எல்லோரும் ஒரே விளிம்பில் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். அவர்கள் காலுக்குக் கீழே தண்ணீரில் மாசிலாமணியின் தலை. ஓரத்தில், கரையில், அடுக்கிய மூட்டைகளும் எஞ்சினும் தெளிவாகத் தெரிகின்றன.

"அம்மா, திஸ் இஸ் ப்ரூஃப்! இதைக் காமிச்சா போதும் நா?" என்றாள் ஸ்நேகா.

அன்று சாயங்காலமே பாலசுப்ரமணியத்தின் வீட்டுக்குப் போனோம். கனிமொழி, மாசிலாமணி, நான். லதா காபி கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குள் பாலசுப்ரமணியத்துக்குத் தமிழ் திரும்ப வந்துவிட்டிருந்தது.

"வாங்க வாங்க. உங்களுக்கு எப்படி இருக்குமுன்னு எனக்குத் தெரியுமுங்க. ராத்திரியெல்லாம் எனக்கும் தூக்கமில்லை."

கனிமொழி போனை அவர் முன்னால் வைத்தாள். "சார், இதைப் பாருங்க. நீங்க இதுல நிக்கிறீங்க. ஏன் சாஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

அவர் பார்த்தார். "தெரியுமுங்க."

"மூட்டையை எடுக்கச் சொன்னது யாரு?"

"கேமராக்காரன்... நாந்தான். சொன்னேன்."

"அப்ப ரிப்போர்ட்டை எழுதுனது யாரு?"

"செயலாளர் நானுங்க. எழுத வேண்டியது நாந்தான். கமிட்டி சொன்னதை எழுதினேன்."

"கமிட்டி கேக்குறப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்? காலியா இருந்துச்சு, எல்லாரும் ஒரே பக்கம் நின்னோம்னு?"

பாலசுப்ரமணியம் காபித் தம்ளரைச் சுற்றினார். "அங்கதாங்க சிக்கல். மத்தவங்க யாரும் சொல்லலை. நான் மட்டும் சொன்னா என்னாகும்? தமிழன் தமிழனுக்குப் பேசறான்னு ஆயிடும். அன்னிக்கே கேட்டார் பாத்தீங்களா, உங்க ஊர்ச் சரக்கான்னு? வேற எங்க படகா இருந்திருந்தா நான் தைரியமாப் பேசியிருப்பேனுங்க. சத்தியமா."

கனிமொழி போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அதாவது எங்கண்ணன் ஒரியாக்காரனாவோ குஜராத்திக்காரனாவோ பொறந்திருந்தா அவன் படகு சாஞ்சிருக்காது" என்றாள் கனிமொழி.

"அப்புடி இல்லீங்க..."

"அப்படித்தான் சார். நீங்க சொன்னது அதுதான். சலுகை வேணும்னு உங்ககிட்ட யார் கேட்டா? நடந்ததைச் சொல்லத்தானே கேக்குறோம். நம்ம ஆளு, நம்ம ஆளுன்னு ஓடி வந்தமே, உங்ககிட்ட வராம நேரா விண்ணப்பம் போட்டுட்டு அடுத்த வருசம் கடற்கரையிலயே காட்டியிருந்தாக்கூட இந்தக் கறுப்புப் புள்ளி விழுந்திருக்காதே!"

லதா, "கனி, ப்ளீஸ். அவர் வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னும் மூணு மாசத்துல ப்ரமோஷன் லிஸ்ட்" என்றார். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று அவர் முகமே காட்டிற்று.

மாசிலாமணி எழுந்தார். கோபமாகக்கூட இல்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு நான் தண்ணியில நின்னு கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

பாலசுப்ரமணியம் தரையைப் பார்த்தார். பதில் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். மௌனத்தை நான் இத்தனை காலம் பெரிய விஷயமாக நினைத்திருந்தேன். பேசுகிறவர்களைவிடப் பேசாதவர்கள் மேல் என்று உள்ளூர ஓர் எண்ணம்கூட இருந்தது. அன்று அந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்து, அந்த மனிதர் பேசாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

"அவருக்குக் கேட்டது" என்றேன் நான். "அவருக்கு மட்டும்தான் கேட்டது."

மூவரும் கிளம்பினோம். லதா வாசல்வரை வந்தார். காபியை யாரும் தொட்டிருக்கவில்லை.

மேல்முறையீடு எழுதினோம். போட்டோவை இணைத்தோம். போட்டோ நிகழ்ச்சி விளம்பரத்துக்காக எடுக்கப்பட்டது, தொழில்நுட்ப ஆவணமாகாது என்று பதில் வந்தது. நான் ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு அந்த பவனின் வரவேற்பறையில் பல தடவை போய் உட்கார்ந்தேன். பாஸ் கிடைத்த ஒரு நாள் ஓர் இளம் அதிகாரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, உங்கள் தரப்பில் தப்பே இல்லை என்றுதான் தோன்றுகிறது" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஆனால் தப்பு யார் பக்கம் என்று பார்ப்பது இந்தக் கட்டத்தில் எங்கள் வேலை இல்லை" என்று முடித்தார். மார்ச் வந்தது, பட்டியலை மூடிவிட்டார்கள்.

படகு வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. டெல்லியில் நிராகரித்த படகு என்ற செய்தி அதற்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அவர் படகில் போய் உயிரோடு திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள் அதை நம்பவில்லை. ஆனால் மானியம் வேண்டுமென்றால் வேறு இடம்தான் போகவேண்டும், போனார்கள். முன்பணம் கொடுத்திருந்தவர்கள் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, திருப்பிக் கேட்டார்கள். மாசிலாமணி யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை என்று கனிமொழி போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு அழுதாள். ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டறை மூடப்பட்டது.

இந்த இடத்தில் நல்லவர், கெட்டவர் என்று பிரித்துவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருக்கும். கமிட்டித் தலைவர் ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசினார். காவலர் ஏரி மீன்களைக் காப்பாற்றினார். கேமராக்காரர் படம் நன்றாக வரவேண்டுமென்று நினைத்தார். பாலசுப்ரமணியம் யாரும் தன்னைப் பாரபட்சக்காரன் என்று சொல்லிவிடக்கூடாதென்று பார்த்துக்கொண்டார். ஒருவரும் லஞ்சம் கேட்கவில்லை. ஒருவரும் பொய்கூட எழுதவில்லை. படகு சாய்ந்தது உண்மைதானே. முப்பது குடும்பத்தின் அடுப்பை அணைக்க இவ்வளவு யோக்கியமானவர்களே போதும் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கடலைப் பார்க்கக் கடலுக்குப் போகத் தோன்றாதவர்கள் கடலில் எது மிதக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். அவர்கள் நடுவே நம் மொழி தெரிந்த ஒருவர் இருப்பது, யாருமே இல்லாமல் இருப்பதைவிட மோசமாகிவிடுகிறது.

கமிட்டித் தலைவர் அந்த வருஷமே ஓய்வுபெற்றார். டேராடூனில் இருப்பதாகக் கேள்வி. பாலசுப்ரமணியத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது; இப்போது வேறு துறையில் இயக்குநர். லதா கனிமொழிக்குப் பொங்கலன்றும் தீபாவளியன்றும் வாழ்த்து அனுப்புகிறார். கனிமொழி அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஸ்நேகாவுக்கு குர்கானில் வேலை. பட்டறையின் அச்சுகளைப் புதுச்சேரியில் தண்ணீர்த் தொட்டி செய்கிற ஒருவர் வாங்கிப்போனார். நார்ப் பாய் விரித்த பெண்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போகிறார்கள். அவர்களை விடியுமுன்னே வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது. அந்தப் படகை, மானியம் இல்லாமலே, ஊர்க்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கினார்கள். இந்த மூன்று வருஷமும் அது கடலுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. கமிட்டி அந்தக் கரைக்கு இதுவரை வரவில்லை. பட்டறைக் கொட்டகை இறால் தீவனக் கிடங்காகிவிட்டது. மாசிலாமணி அங்கேயே காவலுக்கு இருக்கிறார்.